சுவரை நிமிர்த்திவிட்டுப் பிரிந்தவர்கள்



பிரிவு என்றதும் நம் இல்லங்களில் இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று மையித்து வீடு. மற்றொன்று வளைகுடாவுக்கோ பிரான்சுக்கோ புறப்படும் பிள்ளையின் பெட்டி. இந்த இரண்டுக்கும் நம்மிடம் முறைகள் உண்டு. எவர் எங்கே நிற்க வேண்டும், என்ன ஓத வேண்டும், எத்தனை நாள் சென்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சிறு பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவதாக ஒரு பிரிவு உண்டு. அது பல்லாண்டு காலம் ஒரே கூரையின் கீழ் உடன் பணியாற்றியவரின் பிரிவு. அவர் உறவினர் அல்லர், இறந்துபோகவும் இல்லை, வெகு தொலைவுக்குச் செல்லவும் இல்லை. ஆயினும் அடுத்த வாரம் முதல் அவர் அங்கே இருக்கமாட்டார். இந்தப் பிரிவுக்கு நம்மிடம் பழக்கம் எதுவும் இல்லை. ஒரு சால்வை, ஒரு புகைப்படம், ஒரு பிரியாணிப் பொட்டலத்துடன் முடித்துக்கொள்கிறோம்.

சென்ற மாதம் அத்தகைய மூன்று பிரிவுகள் ஒரே நாளில் எனக்கு வாய்த்தன. அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் என் துயரம் மட்டுமன்று. நம் பள்ளிவாசல்களிலும் மக்தப்களிலும் நாம் எவரை எப்படி அனுப்பிவைக்கிறோம் என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே அமைந்த ஊர் இரும்பை. செம்மண் நிலம், பனையும் முந்திரியும் வளர்ந்த மேடுகள், மழை அறுத்துச் சென்ற ஓடைகள், நடுவே ஒரு பெரிய ஏரி. அதன் அருகேதான் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. அன்றைக்கு அந்த மேட்டு நிலம் பெரும்பாலும் மரமற்ற பொட்டலாகக் கிடந்தது என்றும், கண்ணுக்குத் தெரியும் காடு அதன் பின்னர் நடப்பட்டதே என்றும் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கலைக்கூடங்கள் பல அந்தப் பகுதியில் உண்டு. இசைக்கருவி செய்யும் தொழிலைக் கிராமத்து இளைஞர்களுக்குக் கற்றுத்தரும் ‘ஸ்வரம்’ 2003 முதல் ஆரோவிலில் இயங்குகிறது. ‘ஆதிசக்தி’ நாடக ஆய்வுக்கூடம் இடையன்சாவடிச் சாலையில் இருக்கிறது. இவற்றைப் போல் பெயர் பெறாத சிறு அமைப்புகளும் உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கலை கற்பிக்கும் அத்தகைய ஓர் அறக்கட்டளையில் 14 ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் நான் எழுத்து கற்பித்து வருகிறேன்.

நான் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்ற ஒரு மக்தப் ஆசிரியன். காலையிலும் மஃரிபுக்குப் பின்னும் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பது என் பணி. அரபு எழுத்தணியில் எனக்கிருந்த ஈடுபாட்டைக் கேள்விப்பட்டுத்தான் அந்த அமைப்பினர் என்னை அழைத்தனர். கூத்தும் ஓவியமும் நடக்கும் இடத்தில் தாடியும் தொப்பியுமாக ஓர் உஸ்தாதுக்கு என்ன வேலை என்று நம்மவர் சிலர் கேட்டதுண்டு. கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. நான் அங்கே வேடம் கட்டச் செல்லவில்லை. எழுத்து கற்பிக்கச் சென்றேன். பூசை நடந்த நாள்களில் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அதை அவர்கள் ஒரு குறையாகக் கொள்ளவில்லை. அஸர் தொழுகைக்கு வடக்கு அறையைக் கூட்டிப் பாய் விரித்து வைத்திருந்தார்கள். நம்மோடு பகைகொள்ளாத அயலாருக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது ‘அல்மும்தஹினா’ அத்தியாயத்தின் எட்டாம் வசனம் தரும் தெளிவு. அந்த வசனத்தை நான் கிதாபில் ஓதியிருந்தேன். விரித்து வைக்கப்பட்ட அந்தப் பாயில் அதன் பொருளைக் கண்டேன்.

பிரிந்து சென்ற மூவரையும் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அவர்கள் தம் பெயரை விரும்பாதவர்கள். ஆகவே அவரவர் பணியால் குறிப்பிடுகிறேன்.

முதலாமவர் கூத்து வாத்தியார். எழுபதைத் தாண்டியவர். நம் மாவட்டத்துத் தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடப்பது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பத்து வயதில் பாட வந்தவர் அவர். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, ‘தொண்டையில கத்தாத, வயித்துலேர்ந்து எடு’ என்று மூச்சைப் பழக்குவார். அதே பிள்ளைகளில் சிலர் என்னிடம் வந்து எழுத்துகளின் மக்ரஜைக் கற்கும்போது, ‘ஐன்’ எங்கே பிறக்கிறது, ‘காஃப்’ எங்கே பிறக்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் ஒலியைப் பிடித்துக்கொள்வார்கள். பிறப்பிடம் அறிந்து ஒலி எழுப்பும் பழக்கத்தை அவர் முன்னமே அவர்களுக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டாமவர் ஓவிய ஆசிரியை. அவரை எல்லோரும் அக்கா என்றே அழைப்பர், நானும் அவ்வாறே. அரபு எழுத்தணியில் எழுத்தின் அளவு புள்ளியால் அமைகிறது. நாணல் கலத்தின் முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். ‘அலிஃப்’ இத்தனை புள்ளி உயரம், ‘பா’ இத்தனை புள்ளி நீளம் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் விகிதம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா இந்த விகித முறையை வகுத்தவராகப் போற்றப்படுகிறார். இதை நான் முதல் வாரம் கரும்பலகையில் விளக்கியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, ‘இது நம்ம புள்ளிக்கோலம் மாதிரிதானே, உஸ்தாத்?’ என்று கேட்டார். அன்று முதல் எங்கள் இருவர் வகுப்பும் ஒன்றாயிற்று. முதல் அரைமணி நேரம் தரையில் கோலப்புள்ளி. அடுத்த அரைமணி நேரம் தாளில் கலத்தின் புள்ளி. இரண்டிலும் புள்ளி தவறினால் வடிவம் சாய்ந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொண்டார்கள்.

பின்னர் அரபுத்தமிழையும் கற்பித்தேன். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது நம் முன்னோர் வழக்கம். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அதில் நூல்கள் இயற்றினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்டார்கள். ஒரு மொழி மற்றொரு மொழியின் வீட்டில் குடிவந்து, இடிக்காமல் ஒரு சாளரம் மட்டும் திறந்துகொண்டது போன்ற ஏற்பாடு அது. இரும்பைப் பிள்ளைகள் அந்த எழுத்தில் தத்தம் பெயரை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள். முருகனும் மாரியம்மாளும் அரபெழுத்தில் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாமவர் சாவி வைத்திருந்த அம்மா. காலையில் கதவைத் திறப்பதும், பெருக்குவதும், மதியம் 40 பிள்ளைகளுக்குச் சோறாக்குவதும், மாலையில் பூட்டுவதும் அவர் பணி. எந்தப் பிள்ளையின் வீட்டில் அன்று அடுப்பெரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குச் சோறு சற்றுக் கூடுதலாக விழும். ஏன் என்று எவரும் கேட்கமாட்டார்கள். ரமலானில் நான் நோன்போடு வரும் சனிக்கிழமைகளில் சமையல் மணம் என் வகுப்பை எட்டாதிருக்கப் பின்கட்டில் அடுப்பு மூட்டுவார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

வாத்தியாருக்கு மூட்டு வலி. படி ஏற முடியவில்லை. அக்காவின் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. மூவரும் ஒரே பருவத்தில் விடைபெற நேர்ந்தது. இதில் எவர் குற்றமும் இல்லை. ஆனால் அறக்கட்டளைக்கு வரும் நிதியும் சுருங்கிவிட்டது. மூவரின் இடத்தில் மூவரை நியமிக்க வழியில்லை. ஆகவே நாங்கள் வழியனுப்பியது மூன்று பேரையா, அந்த வகுப்பையே வழியனுப்பிக்கொண்டிருக்கிறோமா என்ற ஐயம் எல்லோர் உள்ளத்திலும் இருந்தது.

அந்நாள்களில் நான் திரும்பத் திரும்ப எண்ணியது ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயத்தில் வரும் பிரிவைத்தான். மூஸா (அலை) அவர்களும், ஹதீஸில் கிழ்று என்று பெயர் சொல்லப்படும் அந்த நல்லடியாரும் சேர்ந்து பயணம் செய்கிறார்கள். கடைசியாக ஓர் ஊருக்கு வருகிறார்கள். உணவு கேட்கிறார்கள், ஊரார் விருந்தளிக்க மறுக்கிறார்கள். அந்த ஊரிலேயே விழும் நிலையில் ஒரு சுவர் இருக்கிறது. கிழ்று (அலை) அதை நிமிர்த்தி நிறுத்துகிறார். விரும்பியிருந்தால் இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கிறார். அந்தக் கேள்வியோடு இருவரும் பிரியும் நேரம் வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை தோறும் இந்த அத்தியாயத்தை ஓதுகிறோம். பிரிவுக்குரிய ஒழுக்கம் இதில் இருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கிழ்று (அலை) பிரிவை அறிவித்தவுடன் எழுந்து சென்றுவிடவில்லை. உடன் வந்தவரின் உள்ளத்தில் விளக்கமின்றிக் கிடந்த மூன்று செய்திகளையும் ஒவ்வொன்றாக விளக்கிவிட்டே செல்கிறார். படகை ஏன் பழுதாக்கினேன், அந்தச் சிறுவனின் செய்தி என்ன, சுவரை ஏன் நிறுத்தினேன் என்று கணக்கு ஒப்படைக்கிறார். தாம் செய்தவற்றைத் தம் சொந்த விருப்பத்தால் செய்யவில்லை என்பதையும் சொல்கிறார். மனக்குறையும் கேள்வியும் பாக்கியில்லாத பிரிவு அது.

சுவரின் செய்தி இன்னும் ஆழமானது. அதன் அடியில் இரண்டு அநாதைச் சிறுவரின் புதையல் இருந்தது. அவர்கள் வளர்ந்து தாமே எடுத்துக்கொள்ளும் காலம்வரை அது வெளிப்படாமல் இருக்க வேண்டும் என்பது இறைவனின் நாட்டம். சுவரை நிமிர்த்தியவர் அந்தப் பிள்ளைகள் வளர்வதைக் காண அங்கே தங்கவில்லை. கூலியும் பெறவில்லை. தம் பங்கை முடித்துவிட்டுப் போனார். கற்பிப்போர் செய்வதெல்லாம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையின் உள்ளே புதையலை வைத்தவன் அல்லாஹ். எடுப்பவன் அந்தப் பிள்ளை. இடைப்பட்ட காலத்தில் சுவர் விழாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் வேலை.

நம் தமிழகத்தில் அண்மையில் நிகழ்ந்த இரண்டு பிரிவுகளை இங்கே எடுத்துக்காட்டலாம். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்குவது கட்டைக்கூத்துச் சங்கம். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும், அவர் துணைவியாரும் ஆய்வாளருமான ஹன்னே டி பிரெய்னும் முன்னின்று கலைஞர்களைச் சேர்த்து 1990இல் அமைத்தது. ராஜகோபால் பத்து வயதில் பள்ளிப்படிப்பை விட்டுத் தந்தையின் கூத்துக்குழுவில் சேர நேர்ந்தவர். கலை வேண்டுமா கல்வி வேண்டுமா என்ற கட்டாயம் அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது என்பதற்காக, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் குருகுலம் ஒன்றை 2002இல் அங்கே தொடங்கினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கலையில் பெண்பிள்ளைகளும் அங்கே பயிற்சி பெற்றார்கள். 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. ஆனால் அங்கே படித்தவர்கள் இன்று மேடையில் இருக்கிறார்கள். பெண்களே நடத்தும் குழுவும் அதிலிருந்து தோன்றியது. பள்ளி முடிந்துவிட்டது, படிப்பு முடியவில்லை.

மற்றொன்று எங்கள் இரும்பைக்குப் பக்கத்திலேயே நிகழ்ந்தது. ஆதிசக்தியை 1981இல் மும்பையில் தொடங்கி, 1993இல் புதுச்சேரிப் பகுதிக்குக் கொண்டுவந்தவர் வீணாபாணி சாவ்லா. 2014 நவம்பர் 30 அன்று அவர் திடீரெனக் காலமானார். விடைபெறவும் விளக்கம் சொல்லவும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. ஆயினும் அவரோடு நெடுங்காலம் பணியாற்றிய வினய் குமார், நிம்மி ராஃபேல் முதலியோர் அந்தக் கூடத்தை மூடவில்லை. ஆண்டுதோறும் அவர் நினைவில் ஒரு கலைவிழாவும் நடத்தி வருகிறார்கள். ஓரிடத்தில் நிறுவனம் நின்றது, மனிதர்கள் தொடர்ந்தார்கள். மற்றோரிடத்தில் மனிதர் மறைந்தார், நிறுவனம் தொடர்ந்தது. இரண்டிலும் எஞ்சியது ஒன்றே: ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு முன்னமே மாறியிருந்த பயிற்சி. பிரிவுநாளில் கொடுப்பதற்கென்று அதை ஒதுக்கி வைத்திருந்தால் அது எவரையும் சென்றடைந்திராது.

எங்கள் பிரிவுநாளில் மேடை இல்லை, மாலை இல்லை. வாத்தியார்தான் அப்படிக் கேட்டுக்கொண்டார். மூன்று காரியங்கள் மட்டும் நடந்தன.

முதலாவது, ஒப்படைப்பு. வாத்தியார் தம் கூத்து நோட்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கையால் எழுதி, ஓரங்கள் பழுப்பேறியவை. அவற்றைத் தம்மிடம் ஒன்பது ஆண்டுகள் பயின்ற ஓர் இளைஞனிடம் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒவ்வொரு நோட்டையும் திறந்து, எது தம் ஆசிரியர் சொல்லக் கேட்டு எழுதியது, எது தாமே சேர்த்தது என்று விரலால் சுட்டிக் காட்டினார். இருந்தவர்களில் பலருக்கு அது ஒரு முதியவரின் பிடிவாதமாகத் தோன்றியிருக்கலாம். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. நம் முஹத்திஸீன்கள் சனதைப் பேணிய முறை அது. தன்னுடைய சொல்லையும் தன் ஆசிரியரின் சொல்லையும் கலக்காமல் பிரித்துச் சொல்வது கல்வியின் அமானிதம்.

அக்கா தம் பெட்டியிலிருந்த தூரிகைகளையும், எந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் பிரித்தறிய இயலவில்லை என்பது வரை குறித்த ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தார். அம்மா அரிசி, பருப்பு, விறகு, கடையில் பாக்கி எல்லாவற்றையும் வாயாலேயே கணக்குச் சொன்னார். ஒரு ரூபாய் பிசகவில்லை. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு ‘அந்நிஸா’ அத்தியாயத்தில் அல்லாஹ் ஏவுகிறான். அந்த ஏவலை நாம் நகைக்கும் பணத்துக்கும் மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். அந்த எழுதப்படிக்கத் தெரியாத அம்மாவின் கணக்கிலும் அது இருந்தது.

இரண்டாவது, மன்னிப்பு. நம் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் வீடு வீடாகச் சென்று, ‘ஏதாவது பேசியிருந்தா ஹலாலாக்கிக்குங்க’ என்று கேட்பார். அதை அங்கே சொன்னேன். பிற மதத்தவர்க்கு அது வியப்பாக இருக்குமோ என்று எண்ணியிருந்தேன். மாறாக, ஒவ்வொருவரும் மற்றவரிடம் அவ்வாறே கேட்டார்கள். வாத்தியாரும் அக்காவும் இடப் பிரச்சினையில் இரண்டாண்டுகள் சரியாகப் பேசாமல் இருந்ததுண்டு. ஒத்திகைக்கும் கோலத்துக்கும் அந்த ஒரே முற்றம்தானே. அன்று வாத்தியார், ‘உன் கோலத்தை மிதிச்சிக்கிட்டே ஆடினேன் தாயி, மனசுல வெச்சுக்காத’ என்றார். அக்கா பதில் சொல்ல இயலாமல் அழுதார்.

மூன்றாவது, துஆ. அதை நான் திட்டமிடவில்லை. புறப்படும் வேளையில் வாத்தியார் என் கையைப் பற்றிக்கொண்டு, ‘அஜரத்தே, உங்க மொறையில வழியனுப்புறப்ப என்னமோ சொல்லுவீங்களாமே, எங்களுக்கும் சொல்லுங்க’ என்றார். பயணம் செல்பவரின் மார்க்கத்தையும், அமானிதத்தையும், செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகச் சொல்லி வழியனுப்புவது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த முறை. அதன் கருத்தை அவர்களுக்கு விளக்கினேன். பிறகு என் நிலைக்கு ஏற்ப, எங்கள் அனைவரையும் படைத்தவனிடம் தமிழிலேயே கேட்டேன்: மூவருக்கும் உடல்நலத்தையும் நேர்வழியையும் தருவாயாக, அவர்கள் கைப்பட்ட பிள்ளைகளைக் காப்பாயாக, அவர்கள் முதுமையைக் கௌரவமாக வைப்பாயாக. பிள்ளைகள் ஆமீன் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்கு எவர் கற்றுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

இரும்பை மக்கள் தம் ஊரைப் பற்றிச் சொல்லும் பழங்கதை ஒன்றுண்டு. மாகாளேஸ்வரர் கோயிலில் ஒரு நாட்டியப் பெண் ஆடும்போது அவளது சிலம்பு கழன்று விழுந்ததாம். ஆட்டம் நின்றுவிடக்கூடாதே என்று, அங்கிருந்த கடுவெளிச் சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டினாராம். துறவி ஆடலழகியின் காலைத் தொட்டார் என்று கூட்டம் சிரித்ததாம். அவர் சினத்தால் ஊர் வறண்டு போயிற்று என்பது கதை. இது நம் அகீதாவில் இடம்பெறும் செய்தியன்று, அயலாரின் கதை. ஆனால் செம்மண் மேட்டில் நின்று இதைக் கேட்கும்போது ஒன்று புரிகிறது. மற்றவர் பணி தடைபடக்கூடாதென்று குனிபவரைப் பார்த்துச் சிரிக்கும் ஊர் செழிக்காது என்பதை அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்கள்.

நம் மார்க்கத்தில் இதைவிட உயர்ந்த சான்றுகள் நமக்கு உண்டு. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் உடன் சென்று வழியனுப்பினார்கள். முஆத் வாகனத்தின் மீது இருந்தார். அண்ணலாரோ கீழே நடந்து வந்தார்கள். அடுத்த முறை தம்மைக் காண இயலாமற் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். முஆத் அழுதார். அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள்: பணியாளர் மேலே, தலைவர் மண்ணில்.

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த பெண்மணியின் செய்தி நாம் அனைவரும் அறிந்தது. அவர் இறந்ததைச் சிறிய செய்தியாக எண்ணித் தோழர்கள் அண்ணலாருக்கு அறிவிக்காமல் அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று கேட்டறிந்த நபி (ஸல்) அவர்கள், கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். பெருக்கியவருக்கு வழியனுப்பு மறுக்கப்பட்டதை அண்ணலார் ஏற்கவில்லை.

இப்போது நம் மஹல்லாக்களைப் பார்ப்போம். இருபது ஆண்டுகள் ஃபஜ்ருக்கு நம்மை எழுப்பிய முஅத்தின் ஒரு நாள் இல்லை. எங்கே என்று கேட்டால், ‘ஊருக்குப் போய்ட்டாரு’ என்ற பதில் வருகிறது. நம் பிள்ளைகளுக்கு அலிஃப் காட்டிய உஸ்தாத், கமிட்டி மாறியதும் கைப்பையோடு பேருந்தில் ஏறுகிறார். அவருடைய ஒரு மாதச் சம்பளம் பாக்கி இருப்பதை எவரும் பேசுவதில்லை. உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற கருத்தமைந்த ஹதீஸை அதே மிம்பரில் அவரே நமக்குச் சொல்லியிருப்பார்.

செய்யக்கூடியவை சிறியவைதாம். புறப்படுபவரின் பாக்கியை முதலில் தீர்ப்பது. அவர் அறிந்தவற்றை அடுத்தவருக்குச் சொல்ல ஒரு வாரம் கொடுப்பது. ஜமாஅத்தார் அவரிடமும் அவர் ஜமாஅத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது. பிள்ளைகளை அழைத்துச் சென்று பேருந்து நிலையம்வரை வழியனுப்புவது. உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் செய்துகொடுப்பது. எங்கள் வாத்தியாருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்தவர்கள் அவரிடம் படித்த பிள்ளைகள்தாம். நம்மிடம் ஓதிய பிள்ளைகள் நம் உஸ்தாதுகளுக்கு அவ்வளவேனும் செய்யலாம்.

மதீனாவின் எல்லையில் ‘தனிய்யத்துல் வதா’ என்றொரு கணவாய் இருந்தது. வதா என்றால் விடைபெறுதல். பயணிகளை அதுவரை சென்று வழியனுப்புவார்கள். தபூக்கிலிருந்து அண்ணலார் திரும்பியபோது, மதீனத்துச் சிறுவர்களோடு அவர்களை எதிர்கொண்டு வரவேற்கச் சென்றதும் அந்தக் கணவாய்க்குத்தான் என்று ஸாயிப் இப்னு யஸீத் (ரலி) பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். வழியனுப்பும் இடமும் வரவேற்கும் இடமும் ஒன்றுதான். செம்மையாக வழியனுப்பப்பட்டவருக்குத் திரும்பி வர ஒரு வாசல் இருக்கும்.

வகுப்பின் நிலை என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அறக்கட்டளையினர் கூடிப் பேசினார்கள். கூத்தை அந்த இளைஞனும், கோலத்தையும் ஓவியத்தையும் அக்காவிடம் பயின்ற இரு பெண்களும் இந்தக் கல்வியாண்டு முடியும்வரை வழிச்செலவு மட்டும் பெற்றுக்கொண்டு நடத்துவது என்று முடிவாயிற்று. சமையலுக்குத் தாய்மார்கள் முறைவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னவாகும் என்பது அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. அம்மாவின் சாவியை எவர் வாங்கிக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது அவரே எழுந்து வந்து, ‘நேரத்துக்கு வர்றவர் நீங்கதான், தம்பி’ என்று என் கையில் வைத்தார். நம்மவர் சிலர் மீண்டும் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு சுவரை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. அதன் அடியில் பிள்ளைகளின் பொருள் இருக்கிறது.

சாவிக் கயிற்றில் மூன்று சாவிகள். முன்கதவுக்கு ஒன்று, சமையற்கட்டுக்கு ஒன்று. மூன்றாவது எதற்கென்று கேட்டேன். ‘அது வடக்கு ரூமு. உங்க தொழுவுற பாய் அங்கதான் இருக்கு, எலி கடிக்காம பூட்டி வெச்சிருக்கேன்’ என்றார்.

யா அல்லாஹ், எங்களோடு உழைத்துப் பிரிந்தவர்களின் உரிமைகளை எங்கள் மீது பாக்கியாக வைத்துவிடாதே. நன்றி மறவாதவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.